சென்னையில் கட்டுப்படியாகும் வாடகை வீடு: தேடுவது முதல் அட்வான்ஸைத் திரும்ப வாங்குவது வரை

சென்னையில் வீடு தேடுகிற பலரும் வாடகைத் தொகையை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். "பன்னெண்டாயிரத்துக்குள்ள ஒரு சிங்கிள் பெட்ரூம்" என்று தொடங்கி, அந்தத் தொகைக்குப் படிந்த முதல் வீட்டிலேயே பால் காய்ச்சிவிடுகிறார்கள். சித்திரை பிறந்ததும் லாரித் தண்ணீருக்குப் பங்கு கேட்டு அசோசியேஷன் செக்ரட்டரி கதவைத் தட்டுகிறார். ஐப்பசி அடைமழையில் வண்டி நிறுத்துகிற இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. இந்தக் கடலோர நகரத்தில் ஒரு வீடு கட்டுப்படியாகுமா என்பதை வாடகையைவிடத் தண்ணீர்தான் அதிகம் தீர்மானிக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் தண்ணீர் பற்றிய பேச்சு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

1. முதலில் மாதக் கணக்கு

இரண்டு வீடுகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் வீடு, தனி வீட்டின் மாடியில் ஒரு போர்ஷன். வாடகை 13,000 ரூபாய். மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரிய) இணைப்பு உண்டு, தனி மின்மீட்டர் உண்டு, ரயில் நிலையத்துக்கு நடந்து போய்விடலாம். இரண்டாவது, பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் அபார்ட்மென்ட். வாடகை 10,500. மெயின்டனன்ஸ் 1,500, கோடையில் லாரித் தண்ணீருக்குப் பங்கு 800, மின்சாரத்துக்கு ஓனர் வைத்த சப்-மீட்டர், யூனிட்டுக்கு 9 ரூபாய், பஸ் ஸ்டாண்டு வரை ஷேர் ஆட்டோவுக்கு மாதம் 1,500.

இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவாகிற குடும்பம் என்றால், சப்-மீட்டரில் 2,700 ரூபாய், மாதத்துக்கு 1,350. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாகத்தான் கட்டணம் ஏறும். தனி மீட்டர் இருக்கும் வீட்டில் அதே 300 யூனிட்டுக்கு இரண்டு மாத பில் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். கூட்டிப் பார்த்தால் முதல் வீடு, ரயில் சீசன் டிக்கெட்டையும் சேர்த்து, 14,000க்குள் முடிகிறது. இரண்டாவது, கோடை மாதத்தில் 15,650 ஆகிறது. 2,500 ரூபாய் மலிவு என்று நினைத்த வீடு மாதாமாதம் கூடுதலாகப் பிடுங்குகிறது.

ஆகவே ஓனரிடமோ புரோக்கரிடமோ போனில் பேசும்போதே ஐந்து விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்: வாடகை, மெயின்டனன்ஸ், அட்வான்ஸ், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மீட்டர் தனியா பொதுவா. கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் மீட்டர் பொது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

2. எந்தப் பக்கம் தேடுவது

கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு என்றாலே பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை என்று தெற்கே மட்டும் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஐ.டி. வேலைக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டியே தேடுவதால் அங்கே வாடகை இறங்குவதே இல்லை. நான் வடக்கே பார்க்கச் சொல்வேன். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ ஓடுகிறது. திருவொற்றியூரில் ஏறினால் சென்ட்ரல், அண்ணா சாலை, கிண்டி, விமான நிலையம் எல்லாம் ஒரே பாதை. அதே கடல், அதே காற்று, வாடகை மட்டும் குறைவு. வடசென்னையைப் பற்றிச் சினிமா பார்த்துப் பயப்படுகிறவர்கள் ஒரு மாலை நேரத்தில் தேரடியில் இறங்கி, வடிவுடையம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து பார்க்க வேண்டும். குழந்தை குட்டியோடு தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்கிற ஊர் அது.

ஒன்றை மறைக்கக் கூடாது. எண்ணூர், மணலிப் பக்கம் போகப் போகத் தொழிற்சாலைப் புகை உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்து மீனவர் குடும்பங்கள் பட்ட பாடும் தெரிந்ததே. வீட்டில் ஆஸ்துமா உள்ள பெரியவரோ கைக்குழந்தையோ இருந்தால், விம்கோ நகருக்குத் தெற்கேயே நின்றுகொள்ளுங்கள்.

தெற்கே வேலை என்றால் கடற்கரை – வேளச்சேரி பறக்கும் ரயிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பழைய தெருக்களில் இன்னும் சின்னச் சின்ன போர்ஷன்கள் இருக்கின்றன. அறை சிறிது, பாத்ரூம் பொதுவாகக்கூட இருக்கலாம், ஆனால் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கும். தனியாக வருகிற ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன் (வாடகை அறைகள் உள்ள விடுதி) முதல் ஒன்றிரண்டு மாதம் தங்கி, நிதானமாக வீடு தேட நல்ல இடம். தாம்பரம், செங்கல்பட்டுத் தடத்திலும் ஆவடித் தடத்திலும் நகரத்தை விட்டு விலக விலக வாடகை இறங்கும். எந்தத் தடமானாலும் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் தேடுங்கள்.

பெண்கள் வேலைக்குப் போகிற வீடு என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. 2021 மே முதல் சாதாரணக் கட்டண (வெள்ளை போர்டு) மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வாசலிலிருந்து எந்தெந்த வெள்ளை போர்டு பஸ் போகிறது என்று பார்த்து வீடு எடுத்தால், மாதப் போக்குவரத்துச் செலவே ஏறத்தாழ மறைந்துவிடும்.

3. தெருவின் மழைக்காலத்தை விசாரியுங்கள்

2011ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் பல இடங்களுக்குக் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் பிறகுதான் வரத் தொடங்கின. எல்லாத் தெருவுக்கும் ஒரே வேகத்தில் வரவில்லை. இணைப்பு இல்லாத தெருவில் செப்டிக் டேங்க் லாரிச் செலவும் மெயின்டனன்ஸில் ஒளிந்திருக்கும்.

வெள்ளம் இதைவிடப் பெரிய விஷயம். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது முடிச்சூர் முதல் கோட்டூர்புரம் வரை வீடுகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. தென்சென்னை ஏரிகளின் உபரி நீரெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகத்தான் கடலை நோக்கிப் போக வேண்டும். சதுப்பு நிலம் சுருங்கிப்போன இடத்தில் எழுந்த குடியிருப்புகளில் வாடகை மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புரோக்கரிடம் கேட்டால் "இந்தத் தெருவுல நிக்காது சார், அடுத்த தெருவுலதான்" என்பார். அடுத்த தெருவிலும் அதே பதில்தான் வரும். அதனால் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரையும் ஆட்டோ ஸ்டாண்டையும் கேளுங்கள். "தண்ணி வருமா?" என்று கேட்டால் நழுவலான பதில் கிடைக்கும். "ரெண்டாயிரத்து இருபத்து மூணு டிசம்பர்ல இங்க எதுவரைக்கும் வந்துச்சுண்ணே? கரண்ட் எத்தனை நாள் இல்ல?" என்று கேட்டால் அவர் தன் தொடையில் கை வைத்துக் காட்டுவார். பிறகு நீங்களே பாருங்கள்: காம்பவுண்ட் சுவரில் ஒரே மட்டத்தில் ஓடுகிற பழுப்புக் கோடு, தரையிலிருந்து ஆளுயரத்துக்குத் தூக்கி மாட்டப்பட்ட மீட்டர் பெட்டி, சாலையைவிடத் தாழ்ந்துவிட்ட வாசல். மாடி வீடுதானே என்று விட்டுவிட முடியாது. வண்டி கீழேதான் நிற்கும். சம்ப்பில் (தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியில்) சாக்கடை கலந்தால் மாடிக்கும் அதே தண்ணீர்தான் ஏறும்.

4. எந்த மாதத்தில் தேடுவது

பள்ளி திறப்பதற்கு முன் ஏப்ரல், மே மாதங்களில் ஊரே வீடு மாறும். அப்போது பேரம் படியாது. ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான குடும்பங்கள் வீடு மாறுவதில்லை. ஆனி கடைசியில் காலியான வீடு ஆவணி வரை பூட்டிக் கிடக்கும், ஓனருக்கு ஒரு மாத வாடகை நட்டம். உங்களுக்கு அந்த மாதங்களைப் பற்றித் தயக்கம் இல்லையென்றால் ஆடியில் போய்ப் பேசுங்கள். மாதம் ஐந்நூறு, ஆயிரம் குறைக்கவோ அட்வான்ஸில் ஒரு மாதத்தைக் கழிக்கவோ அப்போது இசைவார்கள். தயக்கம் உண்டென்றாலும் வழி இருக்கிறது: ஆடியில் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து, அந்த வாரமே ஒப்பந்தத்தை முடித்துவிட்டு, ஆவணியில் பால் காய்ச்சிக் குடிபுகுங்கள்.

கார்த்திகை மழை ஓய்ந்த வாரத்துக்கும் தனிச் சிறப்பு உண்டு. வாடகை குறையாது. ஆனால் எந்தச் சுவர் ஓதம் காக்கிறது, எந்தக் கூரை ஒழுகுகிறது என்பதெல்லாம் பெயின்ட் அடிக்கும் முன் கண்ணுக்குத் தெரிகிற நாட்கள் அவை.

5. நடந்து தேடுங்கள்

நோபுரோக்கர், மேஜிக்பிரிக்ஸ் போன்ற தளங்களை ஒரு பகுதியின் வாடகை நிலவரம் தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள். நல்ல விலைக்குக் கிடைக்கிற வீடுகள் பெரும்பாலும் அங்கே ஏறுவதே இல்லை. கீழ்வீட்டில் குடியிருக்கிற வயதான ஓனர், கேட்டில் ஒரு டு-லெட் அட்டையைக் கட்டிவிட்டு, தெரிந்தவர் யாராவது வரட்டும் என்று காத்திருப்பார். அந்த அட்டையையும் கட்டாத ஓனர்கள் உண்டு. யார் வீடு அடுத்த மாதம் காலியாகிறது என்பது இஸ்திரி கடைக்கும் மளிகைக் கடை அண்ணாச்சிக்கும் பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ச்மேனுக்கும் முன்கூட்டியே தெரியும். ஒரு காபி குடித்துக்கொண்டே கேளுங்கள், உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் மறுபடி தலை காட்டுங்கள். அந்த இரண்டாவது தடவைதான் பலருக்குச் சாவி கிடைக்கிறது.

புரோக்கர் வழியாகப் போனால் ஒரு மாத வாடகை கமிஷன் என்பது பரவலான வழக்கம். ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகே கொடுங்கள். வீடு காட்டுவதற்கே முன்பணம் கேட்கிறவரை அங்கேயே விட்டுவிடலாம். வீட்டை நேரில் காட்டாமல், ஓனர் வெளியூரில் இருக்கிறார் என்று சொல்லி டோக்கன் பணத்தை அனுப்பச் சொல்கிற விளம்பரம் எதுவானாலும் மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டுக்குள் நுழைந்ததும் கேள்விகள் வரும். "எத்தனை பேரு? சொந்த ஊரு எது? நான்-வெஜ் சமைப்பீங்களா?" சில இடங்களில் இந்தக் கேள்விகளின் அடியில் சாதியும் மதமும் இருக்கும். தனியாக இருக்கிற பெண்ணிடம் கல்யாணம் எப்போது என்று கேட்பார்கள். வாடகை ஒழுங்காகத் தரக்கூடிய ஒருவரை அவர் பெயரைக் கேட்டுத் திருப்பி அனுப்புவது அநியாயம். இந்த நகரம் அதைப் பழகிப்போனதாக எடுத்துக்கொள்வது எனக்கு வலிக்கிறது. வெயிலில் அலைந்து போய் வாசலில் நின்று கேட்க வேண்டாம் என்பதற்காக ஒன்று சொல்கிறேன்: போனிலேயே உங்கள் பெயர், எத்தனை பேர், என்ன வேலை, அசைவம் சமைப்போம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு "வந்து பாருங்க" என்கிற ஓனரிடம் மற்ற பேச்சும் பெரும்பாலும் நேராகவே இருக்கும்.

6. வீட்டுக்குள் என்ன பார்ப்பது

ஒரு வீட்டை இரண்டு வேளை பாருங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறை. மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீடு மலிவாகக் கிடைக்கும். அக்னி நட்சத்திரத்தில் அதன் கூரை நடுராத்திரி வரை அனல் கக்கும். மாடியில் வெள்ளை ஓடு பதித்திருந்தாலோ குளிர்ச்சிப் பெயின்ட் அடித்திருந்தாலோ தாங்கலாம். படுக்கையறைச் சுவர் மேற்கே பார்த்திருந்தால் யோசியுங்கள். கிழக்கே திறக்கிற ஒரு ஜன்னல் இருந்தால் மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வரும், ஏ.சி. பில் குறையும்.

தண்ணீரைக் குழாயில் பிடித்து வாயில் வைத்துப் பாருங்கள். போர் தண்ணீர் உப்பா என்பது நாக்கிலேயே தெரிந்துவிடும். கரைந்த உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை ஏற்கலாம். அதற்கு மேல் காட்டினால் குடிக்க மட்டுமல்ல, குளிக்கவும் துவைக்கவும் தொல்லை. ஹீட்டர் காயில் உப்புப் படிந்து போகும், முடி கொட்டுகிறது என்று வீட்டில் புலம்பல் தொடங்கும். ஓட்டலைப் போல இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் என்று ஓனர் சொன்னால், மோட்டார் எத்தனை மணிக்குப் போடுகிறார்கள், 2019 கோடையில் என்ன செய்தீர்கள் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். அந்த ஆண்டு பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய குடிநீர் ஏரிகள் நான்கும் வறண்டன. அப்போது சமாளித்த கட்டடம் இனியும் சமாளிக்கும்.

கடலுக்கு ஒன்றிரண்டு தெரு பக்கத்தில் என்றால் உப்புக்காற்று வீட்டையே தின்னும். பால்கனியில் நின்று அண்ணாந்து மேல்தளத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கம்பி ஓடுகிற திசையில் நீளமாகப் பழுப்புக் கீறல் தெரிகிறதா? உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, காரையைத் தள்ளத் தொடங்கிவிட்டது. கைமுட்டியால் தட்டும்போது பொள்ளலாக ஒலிக்கிற இடத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் காரை பெயர்ந்து விழும். அந்தப் பால்கனியில் குழந்தையை விளையாட விட முடியாது. புதுப் பெயின்ட் பளபளக்கிற வீட்டில் ஜன்னல் கீல், கிரில்லின் அடிக்கம்பி, ஏ.சி. அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். பெயின்ட்டர் அங்கெல்லாம் கை வைத்திருக்க மாட்டார்.

செல்போன் சிக்னல், வண்டி நிறுத்த இடம், கேட் பூட்டுகிற நேரம், விருந்தினர் தங்க அனுமதி. இவற்றை ஒரே மூச்சில் கேட்டு முடித்துவிடலாம்.

7. அட்வான்ஸும் லீஸும்

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது நெடுநாள் வழக்கம். அதை எழுதிவைத்த விதி என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிற, 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்த ஒப்புக்கொள்ளலை நீங்கள் தராமல் இருப்பதில்தான் காரியம் இருக்கிறது. "சட்டப்படி மூணு மாசம்தான் சார், நான் நாலு மாசம் தர்றேன், வாடகை ஒண்ணாந்தேதியே அக்கவுண்ட்ல விழும்" என்று மரியாதையாகப் பேசினால் பலர் இறங்கி வருகிறார்கள். 13,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாதம் என்றால் 1,30,000. சம்பளக்காரக் குடும்பம் அதை வட்டிக்கு வாங்கித்தான் கொடுக்கும். அந்த வட்டியும் வீட்டுச் செலவில்தான் சேரும்.

காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வோம் என்பது இன்னொரு வழக்கம். குடியேறும்போதே இதைப் பேசுங்கள்: இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தால் பிடித்தம் கூடாது, அல்லது நாங்களே அடித்துக் கொடுத்துவிடுகிறோம் என்று.

லீஸ் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். ஐந்து லட்சம், எட்டு லட்சம் மொத்தமாகக் கொடுத்தால் மாத வாடகை இல்லை, கடைசியில் முழுத் தொகையும் திரும்பும் என்பது கேட்க இனிக்கும். ஓனரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுத்து, அதையே வேறொரு குடும்பத்துக்கு லீசுக்கு விட்டு, ஆறு மாதத்தில் தலைமறைவாகிறவர்களால் சேமிப்பு முழுவதையும் இழந்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். உண்மையான ஓனரோ வாடகை வரவில்லை என்று வீட்டைக் காலி செய்யச் சொல்வார். எனவே இடையில் யாராவது இருந்தால் லீஸே வேண்டாம். ஓனர் நேராகத் தந்தாலும், பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் பாருங்கள். வீடு வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா என்று தெரியும். சொத்துவரி ரசீது, மின் இணைப்பு, ஆதார் மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று ஒத்துப்பாருங்கள். லீஸ் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யாமல் பணத்தை மாற்றாதீர்கள்.

8. ஒப்பந்தம்

முத்திரைத்தாளில் 11 மாதத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். மேலே சொன்ன வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். இதற்கென அரசின் இணையதளமே இருக்கிறது. பதிவானதும் ஓர் எண் கிடைக்கும். நாளைக்கு அட்வான்ஸ் தகராறு என்றால் இந்தப் பதிவுதான் உங்கள் பக்கம் பேசும். ஓனர் தயங்கினால், அவர் வாடகை வசூலுக்கும் இதுதான் பாதுகாப்பு என்று எடுத்துச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் இவை எண்ணாகவே இருக்கட்டும்: அட்வான்ஸ் தொகை, அது திரும்ப வேண்டிய கெடு, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வாடகை உயரும், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, பெரிய ரிப்பேர் யார் செலவு. நீங்கள் வாடகை பாக்கி வைத்திருந்தாலும்கூட ஓனர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த முடியாது. அதைச் சட்டம் தடுக்கிறது.

வேலை செய்கிற இடத்தில் வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்கு கேட்பவர்கள் ஓனரின் பான் எண்ணை இப்போதே பேசிக்கொள்ளுங்கள். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் அதைத் தந்தாக வேண்டும். பிப்ரவரியில் போய்க் கேட்டால் கசப்புத்தான் மிஞ்சும். ஓனர் கேட்கிற ஆதார் நகலில் எதற்காகத் தருகிறீர்கள் என்று குறுக்கே எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள்.

9. குடிபுகும் நாளும் காலி செய்யும் நாளும்

சாமான் இறக்கும் முன் காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுத்து, மின்மீட்டர் அளவைப் படம் பிடித்து, இரண்டையும் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். உடைந்த ஓடு, கீறல் விட்ட கண்ணாடி, ஒழுகும் குழாய் எல்லாம் அதில் தெரியட்டும். வாடகையை வங்கி வழியாகவே கொடுங்கள்; ரொக்கமாகத்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு மாதமும் ரசீது கேளுங்கள், தருவது அவர் கடமை.

காலி செய்வதை எழுத்தில் தெரிவியுங்கள். அட்வான்ஸைக் கடைசி மாதங்களில் கழித்துக்கொள்ளலாம் என்று ஓனரே சொன்னால் சம்மதித்துவிடுங்கள். அதைவிடப் பத்திரமான வழி இல்லை. இல்லையென்றால், நியாயமான பிடித்தம் போக மீதியை வீடு ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் அவர் திருப்பித் தர வேண்டும். தராமல் இழுத்தடித்தால், பதிவான ஒப்பந்தத்தோடு சட்டப்படி முறையிடலாம். சாவியை ஒப்படைக்கிற நாளில் மீட்டர் அளவையும் காலி அறைகளையும் மறுபடி படம் பிடித்து அனுப்பி, "சாவி பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரிப் பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு மாதக் கெடு எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பதற்கு அதுதான் ஆதாரம்.